உடுப்பு மாட்டும் நேரம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். நிலஅளவர் வேலை எனக்குப் பொருந்திப்போனதற்கு அதுதான் காரணம். நாள் முழுக்க வரப்பில் நடக்கலாம். ஏன் நடக்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்டவன் தினமும் ஒரு தடவை மட்டும் நின்ற இடத்தில் நின்றேன். என் மகள் பள்ளிக்கூடத்துக்கு உடுப்பு மாட்டும் நேரம் அது.

அவள் உடுப்பு மாட்டியது ஸ்பெயினில். நான் நின்றது திருவேங்கடத்துக் கரிசல் காட்டில்.

என் மனைவிக்குப் பயிர்நோய் ஆராய்ச்சியில் சரகோசா என்ற ஊரில் இரண்டு வருஷ வேலை கிடைத்தது. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. "நான் அங்கன போய் புள்ளைய நெனச்சு அழுதுக்கிட்டு இருக்க முடியாது. கூட்டிட்டுப் போறேன்" என்று மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். நியாயம்தான். எனக்கோ அரசாங்க உத்தியோகம். வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று வேண்டும். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'மகளைப் பார்க்க' என்று எழுதினேன். விரிவாக எழுதவும் என்று கோப்பு திரும்பி வந்தது. இதில் விரிக்க என்ன இருக்கிறது? 'மகளையும் மனைவியையும் பார்க்க' என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியவில்லை. வாரம் ஒரு தடவை போன் போட்டுக் கேட்பேன். "மேல போயிருக்கு சார்" என்பார்கள். எவ்வளவு மேலே என்று கேட்டால் போனை வைத்துவிடுவார்கள்.

தென்காசியில் வாடகை வீட்டில் நான் தனி ஆள். காலையில் வண்டியை எடுத்தால் சங்கரன்கோவில் வழியாகத் திருவேங்கடம், சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பி வருவது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு நடை போய்வருவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

முதல் ஆறு மாதம் போனில் கஷ்டம் இல்லை. மகள் தமிழில் பேசினாள். பிறகு அவளை மழலைப் பள்ளியில் சேர்த்தார்கள். நாள் முழுக்க ஸ்பானியம். முதலில் தமிழுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்த ஊர்ச் சொல் விழுந்தது. பிறகு அந்த ஊர்ப் பேச்சுக்கு நடுவே தமிழ் விழுந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள் "சாப்ட்டியாட்டி?" என்று கேட்டேன். அவள் என்னை விட்டுவிட்டுத் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா அதே கேள்வியைத் தமிழிலேயே கேட்டாள். அம்மாவுக்கு மகள் பதில் சொன்னாள், ஸ்பானியத்தில்.

"நான் கேட்டதத்தான நீயும் கேட்ட?" என்று மனைவியிடம் சண்டைக்குப் போனேன்.

"மாட்டைப் பத்துத மாதிரி பேசுதிய. அவளுக்கு வெளங்கல. நான் பையச் சொல்லுதேன், அவ்வளவுதான்."

எனக்குப் பையப் பேச வராது. ஆனால் அன்று பயந்துவிட்டேன். இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனால் நான் இந்தப் பிள்ளைக்கு யார்? போனில் வந்து வாயை அசைத்துவிட்டுப் போகிற ஓர் ஆள். அவளுக்கு அப்பா என்று ஒரு சொல் இருந்தது. அதற்குள்ளே நான் இருக்கிறேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சனி ஞாயிறில் பேச நேரம் இருந்தது, பேசத்தான் ஒன்றும் இருக்கவில்லை. அவள் பொம்மைக்குச் சோறூட்டுவாள், பூங்காவுக்கு ஓடுவாள். நான் சோபாவில் கிடக்கிற போனுக்குள் முழித்துக்கொண்டிருப்பேன். வார நாட்களில் அங்கே காலை எட்டேகால் மட்டும் எங்களுக்கு வாய்த்தது. இங்கே அது பன்னிரண்டே முக்கால். அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றி வைத்துவிட்டால் பதினொன்றே முக்கால். மனைவி போனை ஒரு தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு மகளுக்கு உடுப்பு எடுத்துப் போடுவாள். அம்மா தமிழில் கெஞ்சுவாள், மகள் ஸ்பானியத்தில் மறுப்பாள். இது அரிக்கிறது, அது நேற்றுப் போட்டது, மற்றது எங்கே. முழுக்க முழுக்க உடுப்புப் பேச்சு. ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஸ்பானிய மொழி முழுவதும் எனக்கு எதற்கு? அந்த அலமாரிக்குள் இருப்பது மட்டும் போதுமே.

போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன். பழைய அளவைக் குறிப்பேடு ஒன்றின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். பனியன் மாதிரியான சட்டைக்குக் கமிசேத்தா. கால்சட்டைக்குப் பந்தலோன். காலுறைக்குக் கல்செத்தினேஸ், இதைச் சொல்லப் பழகுவதற்குள் நாக்கு இரண்டு தடவை பல்லில் கடிபட்டது. மேல்கோட்டுக்கு அப்ரீகோ. துவாலைக்குத் தோவாயா, பொத்தானுக்குப் போத்தோன், அலமாரிக்கு அர்மாரியோ. இதென்ன, நம்ம வீட்டுச் சாமானாக இருக்கிறதே என்று மனைவியிடம் கேட்டேன். போர்த்துக்கீசியர் இங்கே விட்டுவிட்டுப் போன சொற்கள், அவர்கள் மொழியும் இதுவும் அக்கா தங்கை என்றாள். ஷூவுக்குச் சப்பாத்தோஸ் என்று செயலி சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். இலங்கைக்காரர்கள் சப்பாத்து என்பார்களே, அதேதான்.

சொல் சுலபம், இலக்கணம்தான் வம்பு. தமிழில் சட்டை சட்டைதான். அது ஆணா பெண்ணா என்று யாரும் விசாரித்ததில்லை. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் என்று ஒரு பால் உண்டு. பாவாடை பெண், ஒத்துக்கொள்கிறேன். கால்சட்டை ஆண், சரி. ஆனால் பெண்பிள்ளைகள் போடும் கவுன் ஆணாம். ஆம்பிளை கழுத்தில் கட்டும் டை பெண்ணாம். யார் முடிவு செய்தது? அதோடு விட்டால் பரவாயில்லை. சிவப்புக்கு ரோஹோ என்று படித்து வைத்தால், பாவாடைக்கு வரும்போது அது ரோஹா ஆக வேண்டும், ஷூ இரண்டு என்பதால் ரோஹோஸ் ஆக வேண்டும். பட்டாவில் ஒரு பெயரை மாற்றினால் மற்ற எல்லாப் பதிவேட்டிலும் திருத்த வேண்டியிருக்கிறதே, அந்தத் தலைவலியேதான்.

ஒன்றே ஒன்று ஆறுதல். தமிழில் சேலையைக் கட்ட வேண்டும், சட்டையைப் போட வேண்டும், வளையலை மாட்ட வேண்டும், பூவை வைக்க வேண்டும். அங்கே எல்லாவற்றுக்கும் போன்த்தே என்றால் தீர்ந்தது. போட்டுக்கொள் என்று அர்த்தம். உன் கோட்டைப் போட்டுக்கொள் என்று சொல்வதில்லை, கோட்டைப் போட்டுக்கொள், அவ்வளவுதான். யாருடைய கோட்டு என்ற பேச்சே கிடையாது. யாருடையது என்ற சண்டையிலேயே பொழுது கழிகிற எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. போட்டுக்கொண்ட பிறகு, போட்டிருக்கிறார் என்று சொல்ல யேவா. ரோட்டில் எதிரே வருகிறவர்களை வைத்து யேவா பழகினேன். அவர் நீலச் சட்டை யேவா, அந்த அம்மா மஞ்சள் சேலை யேவா என்று ஹெல்மெட்டுக்குள் முனகிக்கொண்டே வண்டி ஓட்டுவேன். கழற்றுவதற்கான சொல்லை மட்டும் படிக்கவில்லை. அவள் ராத்திரி உடுப்பு மாற்றும் நேரத்தில் நான் இங்கே தூங்கிக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் பருத்திக் காடு ஒன்றில் அளந்துகொண்டிருந்தோம். என்னோடு அளவுச் செயின் பிடிக்கும் அண்ணாச்சி, நிலத்துக்காரர்கள் இரண்டு பேர். அண்ணன் தம்பி, வரப்பு யார் பக்கம் என்ற தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. வேலி ஓரம் ஒதுங்கி, மகள் ஷூவை எடுக்கும் வரை காத்திருந்து, "போன்த்தே லோஸ் சப்பாத்தோஸ்" என்றேன்.

அவள் நின்றாள். போனுக்குப் பக்கத்தில் வந்தாள். திரை முழுக்க ஒரு மூக்கும் இரண்டு கண்ணும். நாக்கைப் பல்லுக்கு நடுவே துருத்தி, "தப்பாத்தோஸ்" என்றாள்.

செயலி எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் வேறு தேசங்களில் பேசுகிற ஸ்பானியத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவள் ஊரில் அது வேறு மாதிரி. நானும் நாக்கைத் துருத்தி, "தப்பாத்தோஸ்" என்றேன். சிரித்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, மறுபடியும் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்து நாலு மாதம் ஆகியிருந்தது. வேலி ஓரம் நின்று அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. செயின் அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கண்டுபிடித்த எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் உடுப்பு மாட்டினேன். அப்படித்தான் எனக்கு நினைப்பு. கமிசேத்தா என்பேன், தலையை நுழைப்பாள். பந்தலோன் என்பேன், ஒற்றைக் காலில் குதிப்பாள். சிவப்பா நீலமா என்று கேட்பேன். பாலை மாற்றிச் சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு திருத்துவாள். எங்கள் சந்தடி கேட்டு நிலத்துக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். "சாருக்குப் புள்ள பேசுது, செத்த நேரம் சும்மா இருங்க" என்று செயின் அண்ணாச்சி எல்லாரையும் அதட்டுவார்.

அதோடு விட்டிருக்கலாம். என் சுபாவம் விடவில்லை. மனைவிக்குக் காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மகளைப் பள்ளியில் விட வேண்டும், தினமும் ஓட்டம். "சீக்கிரம்னு எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டேன். ராப்பிதோ. பிறகென்ன, பந்தயம்தான். உனோ, தோஸ், திரேஸ் என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் கை உள்ளே போயிருக்க வேண்டும். போனால் கை தட்டுவேன். இருபத்தைந்து நிமிடம் எடுத்த வேலை பதினெட்டு ஆனது, பதிமூன்று ஆனது. கடைசியில் ஒன்பது நிமிடம். ஷூவை மாட்டியதும் கோட்டு, கோட்டை மாட்டியதும் மனைவியின் கை போனை நோக்கி வரும். "சரி வைக்கேன், பஸ் வந்துரும்" என்பாள், திரை கறுத்துவிடும்.

"நீங்க எண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் பஸ்ஸுக்கு முன்னால போயி நிக்கோம்" என்று மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது நிமிடம் என்று செயின் அண்ணாச்சியிடம் பெருமையடித்தேன்.

"நல்லதுதான் சார்" என்றார் அவர். "வெயில்ல ரொம்ப நேரம் நிக்காண்டாம் பாருங்க."

தை மாதவாக்கில் பிள்ளை மாறினாள். முதல் நாள் ஒரு காலுறையைக் காணவில்லை. மறுநாள் ஷூ இரண்டும் குளிர்பெட்டிக்குப் பின்னால் கிடந்தன. அதற்கடுத்த நாள் எல்லாம் போட்டு முடித்துவிட்டு, அம்மா கோட்டை எடுக்கப் போன நேரத்தில் கால்சட்டையைக் கழற்றிவிட்டு நின்றாள். மனைவிக்கு இரண்டு தடவை பஸ் போயிற்று. எண்ணிப் பார்த்தேன், மூன்று நான்கு என்று இருபது வரை எண்ணினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கொழுப்பு என்றுதான் நினைத்தேன்.

சித்திரை வெயில் ஒரு நாள். இரண்டு தரப்புக்கும் கைகலப்பாகி, அளவையை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது. அன்றும் ஒரு காலுறை இல்லை. "ஏட்டி, என்ன வெளையாட்டு காட்டுத? ஒங்க அம்மை எத்தன நாளு பஸ்ஸ விடுவா? போடுட்டி!" என்று கத்தினேன். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்காது. முகம் விளங்கியிருக்கும். உதடு பிதுங்கியது. அழவில்லை. எங்கிருந்தோ காலுறையை எடுத்து வந்தாள். தானே மாட்டினாள். ஷூவைக் கால் மாற்றி மாட்டினாள். கோட்டைப் போட்டாள். பிறகு போனிடம் வந்து, சிவப்புப் பொத்தானை அவளே அழுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் போனுக்கு முன்னால் வரவில்லை. மனைவி கூப்பிட்டால் வேறு அறைக்குப் போய்விடுவாள். நான் அலமாரியையும் காலியான கட்டிலையும் பார்த்துக்கொண்டிருப்பேன். "விடுங்க, மறந்துருவா" என்று மனைவி சொன்னாள். எதை மறந்துவிடுவாள்? திட்டியதையா, என்னையா? இரண்டரை மாதம் இப்படி. அதற்கு நடுவே மனைவியின் வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டித்து உத்தரவு வந்தது. சந்தோஷமாகப் பேசினேன், வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்து, காரணமில்லாமல் புளியரை வரை போய்த் திரும்பி வந்தேன்.

ஆடிக்கு முன்னால் இருவரும் நாற்பது நாள் விடுமுறையில் வந்தார்கள். திருவனந்தபுரத்துக்கு டிரைவரோடு வாடகைக் கார் கொண்டு போனேன். மகள் வளர்ந்திருந்தாள், போன் உயரத்தைக் காட்டுவதில்லை. அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். செங்கோட்டை தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டு வந்தாளே தவிர, என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் ஒரு துணி காயவில்லை. சாரல் காலத்தில் தென்காசியில் எந்த வீட்டிலும் அப்படித்தான். அறைக்கு அறை கயிறு கட்டி, ஈரத்துணிக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்போம். அவளுக்கு அது பிடித்திருந்தது. மூன்றாம் நாள் கயிற்றுக்கு அடியில் நின்று, தொங்குகிற ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் சொன்னாள். கைலியைத் தொட்டதும் என்னைப் பார்த்தாள், அதற்கு அவளிடம் சொல் இல்லை. "கைலி" என்றேன். "கைலி" என்றாள். ஆணா பெண்ணா என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? ஆண் என்றேன். நாலாம் நாள் என் தோளில் ஏறினாள். ஒரு வாரத்தில் என் தட்டிலிருந்து தோசையைப் பிய்த்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில்தான் அது தெரிந்தது. என் கையில் அவள் உடுப்பு இருந்தால் கிட்டே வரமாட்டாள்.

அவள் அம்மா போட்டுவிடலாம். அம்மாவின் தங்கை போட்டுவிடலாம். நான் ஒரு கவுனை எடுத்துக்கொண்டு போனால் அலறிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். வாசுதேவநல்லூரிலிருந்து பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "அப்பன அசலாளுன்னு நெனைக்கி, பாவம்" என்று ஒருவர் சொன்னார். அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் எழுந்து வெளியே போய், தெருமுனை வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் நடந்தேன். தோசை தின்பாள், தோளில் ஏறுவாள், உடம்பைத் தொட்டு உடுத்திவிட மட்டும் நான் ஆகாத ஆள். அப்படித்தான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் ஐந்தருவிக்குப் போனோம். திங்கட்கிழமை, ஆனாலும் கூட்டம். மனைவியும் அவள் தங்கையும் பெண்கள் பக்கம் குளிக்கப் போனார்கள். மகளுக்கு அருவிச் சத்தம் பயம். கூடவே, எல்லாரும் சேலையும் சட்டையும் போட்டுக்கொண்டே குளிப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவள் ஊரில் குளிக்கப் போட வேறு உடுப்பு. சரி, என்னோடு இரு என்று நிறுத்திக்கொண்டேன். அருவிக்குப் போகாமலேயே சாரலும் காற்றில் வந்த தண்ணீரும் இருவரையும் நனைத்துவிட்டன. அவளுக்குப் பல் அடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் துண்டும் துணியும் விற்கிற கடை. ஒரு துண்டும், பூப்போட்ட ஒரு கவுனும் வாங்கினேன். கடைக்கார அம்மா ஈரச் சட்டையைக் கழற்றி, துண்டைச் சுற்றிக் கொடுத்தாள். நான் கவுனைப் பிரித்தேன்.

"போன்த்தே..." என்று தொடங்கினேன்.

துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். வேண்டாம், வேண்டாம். உதடு நீலம் பாரித்திருந்தது. "குளுருதுல்லா, போடுட்டி" என்றேன். இன்னும் பின்வாங்கினாள். எனக்கு வந்ததே கோபம். "அப்படி நான் என்னட்டி செஞ்சேன் ஒனக்கு? ஒங்க அப்பன்தானட்டி நான்!" கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"புள்ளைய வெரட்டாதிய அண்ணாச்சி, அது அழப் போவுது" என்றாள் கடைக்கார அம்மா.

மகள் அழுதுகொண்டேதான் சொன்னாள். "சி மே பிஸ்தோ, தே பாஸ்."

ஐந்து சின்னச் சொற்கள். உடுத்துவது பற்றி எதுவாக இருந்தாலும் எனக்கு விளங்கும், அதைத்தானே படித்தேன். நான் உடுத்தினால், நீ போய்விடுவாய்.

கவுனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போன்த்தே என்று நான் சொல்லிச் சொல்லி, அவள் தலையை நுழைத்து, காலை நுழைத்து, கோட்டை மாட்டியதும் ஒவ்வொரு நாளும் திரையில் நான் இல்லாமல் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளை காலுறையை ஒளித்தது என்னை வைத்துக்கொள்ள. நான் நின்று எண்ணியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறேன், இருபத்தைந்து நிமிடத்தை ஒன்பதாக்கி ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். அடி அடியாக அளந்து பிழைக்கிறவனுக்கு இது கண்ணில் படவில்லை. நான் யார் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருக்கவில்லை.

கவுனைக் கடைப் பெஞ்சில் போட்டுவிட்டு, அவளைத் துண்டோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சொல்வது? போகமாட்டேன் என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது; தெரிந்திருந்தாலும் அது பொய்தான். கையால் அவள் காலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ஈரத்தலையோடு மனைவி வந்தாள். "என்ன இது, புள்ளைக்கு இன்னும் உடுப்பு மாட்டலையா?" என்று கேட்டாள். "மெதுவா மாட்டலாம்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நம்பாமல் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் கிளம்ப மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. அதை எப்படிச் சரி செய்வது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் முதலில் நான் என் ஷூவை மாட்டினேன். பிறகு அவள் ஷூவை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மாட்டினாள், என்னைப் பார்த்தாள். நான் இருந்தேன். மற்றதை மாட்டினாள். இருந்தேன். கையை நீட்டினேன். இருவரும் தெருவில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு வரை போய், ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு வந்தோம். மறுநாளும் அதே. நடுவழியில் திடீரென்று நின்று ஷூவைக் கழற்றுவாள், மறுபடி மாட்டுவாள், நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். பத்து நாளில் அந்தச் சோதனையும் நின்றது. காலையில் அவளே உடுத்திக்கொண்டு, என் ஷூவையும் தூக்கிக்கொண்டு வந்து எழுப்பினாள். ஷூ போட்டால் அப்பாவோடு வெளியே போகலாம். அதை அவளுக்கு நன்றாகப் பழக்கிவிட்டேன். மனைவியிடம் மறுபடியும் பெருமையடித்தேன்.

கிளம்புகிற நாள் வந்தது. சாயங்கால விமானம், முற்பகலிலேயே புறப்பட வேண்டும். பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். காலில் வீட்டுச் செருப்பு. பயணம் என்றால் எனக்கு அதுவே போதும். மகள் வாசலில் வந்து நின்றாள். தலை முதல் கால் வரை தயார். ஷூ வார் இரண்டும் அவளே மாட்டியது. கையில் என் ஷூ. தரையில் என் முன்னால் ஜோடியாக வைத்தாள்.

"போன்த்தே லோஸ் தப்பாத்தோஸ், அப்பா."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குனிந்து போட்டுக்கொண்டேன். அவளுக்கு நிம்மதி. கார் முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாள். மலையிறக்கத்தில் என் மடியிலேயே தூங்கினாள். ஊருக்குப் போகிறோம் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள், அவளும் சரி என்றிருந்தாள். அந்தப் 'போகிறோம்' யார் யார் என்று நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

விமான நிலைய வாசலில் டிக்கெட் இருப்பவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். மனைவி பாஸ்போர்ட்டைக் காட்டினாள். மகள் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கம்பித் தடுப்பு வந்ததும் நான் நின்றேன். விரல் நழுவியது. திரும்பினாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், ஏதோ தவறு நடந்துவிட்டது, பெரியவர்கள் கவனிக்கவில்லை என்கிற குரலில் சொன்னாள்.

"பெரோ சி யேவா லோஸ் தப்பாத்தோஸ்."

ஆனால் அப்பாதான் ஷூ போட்டிருக்கிறாரே.

மனைவி என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற காவலர் அவர்களை உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.